இடம் மாறிய சிரிப்பு

வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு ஊசி என்று பெயர். வாய் குத்தும் என்பதால் வைத்த பெயரில்லை. அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். அவள் போடும் தையல் யார் கண்ணுக்கும் தெரியாது, அதனால் ஊசி. தையல் என்றால் துணித் தையலும் இல்லை. ஒரு வீட்டுக்குள் பதினான்கு பேரை நூறு நாள் அடைத்துவைத்து, அவர்கள் உண்பதையும் உறங்குவதையும் சண்டையிடுவதையும் எழுபது கேமராக்களில் பிடித்து, தினமும் ஒரு மணி நேரமாகச் சுருக்கி ஊருக்குக் காட்டும் நிகழ்ச்சியில் அவள் எடிட்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவள் பார்த்தது அதற்கு நேர்மாறான வேலை. ஒரு பருக்கையை எடுத்துப் பூசணிக்காய் ஆக்க வேண்டும். அது பருக்கைதான் என்று எவருக்கும் தெரியவும் கூடாது.

ஜன்னல் இல்லாத அறை. இரண்டு திரைகள், காதுக்கு மாட்டும் ஹெட்போன், கைப்பிடி கிழிந்து டேப் சுற்றிய ஒரு நாற்காலி. மூலையில் ஒரு முக்காலி கிடந்தது. பள்ளி விடுமுறை நாட்களில் அவள் மகள் வந்து உட்காரும் இடம் அது. வீட்டில் தனியாக விட ஆளில்லை. கணவர் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார்.

அவளுடைய கணினியில் ‘சில்லறை’ என்று ஒரு பெட்டி உண்டு. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொருவரின் கொட்டாவி, ஓரப்பார்வை, உதட்டுச் சுழிப்பு, சிரிப்பு எல்லாம் அதில் தனித்தனியாகக் கிடக்கும். அவசரத்துக்கு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் புதன்கிழமை காலையில் அவள் முன்னால் இருந்தது ஒரு அழுகை. வீட்டில் இருந்த பாட்டுக்காரர், ஆற்றில் மூழ்கி இறந்த தன் அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஊசி அதை அப்படியே வைத்திருந்தாள். நிகழ்ச்சியின் கதையைத் தீர்மானிப்பவர், எல்லோரும் கதைக்காரர் என்று கூப்பிடும் மனிதர், பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“ஆகாது ஊசி. எல்லாரும் அழுதா வீட்ல இருக்கறவன் யாரைத் திட்டுவான்?”

“இவங்க நெஜமாவே அழுதாங்க.”

“நல்ல விஷயம். அழட்டும். போன வாரம் சமையக்கட்டுல தட்டு உருண்டப்ப ஒரு சிரிப்பு சிரிச்சாங்களே, அது சில்லறையில இருக்கா?”

இருந்தது.

“சிரிப்பு உண்மைதானே. நாமளா சிரிக்கச் சொன்னோம்? இடத்தை மட்டும்தான் மாத்துறோம்” என்றார் அவர்.

மூன்று வருஷமாகக் கேட்கும் வாக்கியம் அது. முதல் வருஷம் முள்ளாகக் குத்தியது. அப்புறம் செருப்புக்குள் கிடந்த கல். இப்போது கால் காய்த்துப்போய்விட்டது. அவள் தட்டு உருண்ட சிரிப்பை எடுத்து, பாட்டுக்காரர் ‘அண்ணன்’ என்று சொல்லி நிறுத்திய இடத்தில் வைத்தாள். சிரிப்பின் சத்தத்தை, முகம் வருவதற்கு அரை வினாடி முன்னாலேயே விட்டாள். அதுதான் அவள் கைவாகு. சத்தம் முதலில் வந்தால் பார்க்கிறவன் ‘யார் அது’ என்று தானே தேடுவான். தேடும்போது முகம் வந்துவிடும். காது நம்பிவிட்டால் கண் கேள்வி கேட்காது. கடைசியாக, அந்த அறையின் வெறும் இரைச்சலை எடுத்து இரண்டுக்கும் அடியில் ஒரே சீராக விரித்தாள். அதற்குத் தரை என்று பெயர். தரை ஒன்றாக இருந்தால் மேலே நடப்பதெல்லாம் ஒரே இடத்தில் நடப்பதாகத்தான் தோன்றும்.

சனிக்கிழமை தொகுப்பாளர் இதை நர்ஸுக்குப் போட்டுக் காட்டுவார். அவள் திடுக்கிடுவாள். ‘நான் இல்லை’ என்று யாராவது சொல்வார்கள் என்று முதல் வருஷம் ஊசி எதிர்பார்த்தாள். ஒருவர்கூடச் சொன்னதில்லை. எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள்.

வேலையைச் சேமித்து முடித்தபோது மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது.

“பயப்படாதீங்க மேடம், உங்க பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. நீங்க டிவியில எடிட்டிங்தானே? எங்களுக்கு ஒரு உதவி வேணும். உடனே வர முடியுமா?”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மகள் வகுப்பிலேயே படிக்கும் ஒரு பையனின் அம்மாவைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டாள். “உங்களுக்குத் தெரியாதா? மூணு நாளா அதே பேச்சு. கிளாஸ்ல ஓட்டு வேற வெச்சாங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒரு வீடியோவை அனுப்பினாள்.

இருபத்திரண்டு வினாடி. மகளின் வகுப்பறை. கணக்கு டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். அவர் மகன் இரண்டு மாதம் முன்பு இறந்துபோனது ஊசிக்கும் தெரியும். விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாளாக இருக்க வேண்டும். ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், மகனின் பெயர் வருகிறது, குரல் உடைகிறது. ஒரு சிரிப்புச் சத்தம். உடனே முகம்: மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், முன்பற்கள் இரண்டும் தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

அணில். முன்பற்களுக்காக வகுப்பே வைத்த பெயர். மகளோடு எத்தனையோ மாலை வீட்டுக்கு வந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆன்ட்டி ஆன்ட்டி என்று பேசிக்கொண்டிருந்த பெண். பள்ளி வேன் ஓட்டுபவரின் மகள்.

வீடியோவுக்குக் கீழே ஒரே வார்த்தை நூறு தடவை இருந்தது. வெளியேற்று. வெளியேற்று. நிகழ்ச்சியின் வார்த்தை.

இரண்டாம் முறை பார்த்தாள். இம்முறை தொழில்காரியாகப் பார்த்தாள், கண் அப்படித்தான் பழகியிருந்தது. வெட்டு நன்றாக இருக்கிறது என்று மனம் சொன்னது. டீச்சர் இமைக்கிற இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். சத்தம் அரை வினாடி முன்னால் வருகிறது.

அரை வினாடி முன்னால்.

போனில் விளையாடும் பிள்ளைகள் படத்தோடு படத்தை ஒட்டத் தெரிந்தவர்கள். சத்தத்தை முன்னால் விடத் தெரிந்தவர்கள் இல்லை. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வகுப்பறை மின்விசிறி டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த டக் டக், சிரிப்புக்கு அடியிலும் ஓடியது. தரை விரித்திருக்கிறார்கள்.

போன கோடை விடுமுறையில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “இது எதுக்கும்மா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டது யார்? பெருமையாகச் சொல்லிக்கொடுத்தது யார்? பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டதே அந்த ஒரு விஷயத்தைத்தான். வேறு எதைப் பேசினாலும் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவாள்.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் பஸ் போய்விட்டது. அவள் திரும்பி நடந்தாள்.

தலைமையாசிரியை அறைக்கு வெளியே மகள் நின்றிருந்தாள். வகுப்புத் தலைவி என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். பதினான்கு வயது. சட்டையின் கடைசிப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீ என்ன சொல்லப் போற?”

ஊசி பக்கத்தில் சுவரில் சாய்ந்தாள். தாழ்வாரத்தின் கடைசியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

“சிரிப்புச் சத்தம் அரை செகண்டு முன்னாடி வருது” என்றாள்.

மகள் பட்டனை விட்டாள். “அது உனக்கு மட்டும்தான் தெரியும்.”

“ஏண்டி?”

“அவ சிரிச்சாம்மா.”

“எப்ப?”

“ஆண்டுவிழாவுக்கு அப்பா வரேன்னு சொல்லிட்டு வரல இல்ல. எல்லாரும் போனப்புறம் கேட்லயே நின்னேன் இல்ல. மறுநாள் அதை அவகிட்ட சொன்னேன். அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ சிரிச்சா.”

“அதை எதுக்குப் படம் எடுத்த?”

“நாங்க எப்பவும் எடுப்போம். உன் ஷோல வர மாதிரி மனசு திறக்கற ரூம்னு வெச்சு, ஒருத்தர் பேசணும், ஒருத்தர் கேக்கணும். போனை பெஞ்சுமேல வெச்சிடுவோம். டீச்சர் திரும்பி வந்த அன்னைக்கும் அது ஓடிட்டுத்தான் இருந்துச்சு.” மகள் மூச்சை இழுத்தாள். “சிரிப்பு உண்மைதான். நான் ஒண்ணும் இல்லாததைக் காட்டல. இடத்தை மட்டும்தான் மாத்தினேன்.”

ஊசி சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

“கிளாஸ்ல ஓட்டு வெச்சீங்களாமே.”

“எல்லாரும் கேட்டாங்க. முப்பத்தாறு பேர்ல முப்பத்திநாலு பேர் அவ பேரைத்தான் எழுதினாங்க. நான் எழுதல, தெரியுமா? நான் வெத்துச் சீட்டுதான் போட்டேன்.”

அதை ஒரு நல்ல செயலைப் போலச் சொன்னாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“சொன்னா என்னை டிசி குடுத்து அனுப்பிடுவாங்கம்மா” என்றாள் மகள், மெதுவாக. “சொல்லிடுவியா?”

கதவு திறந்தது.

உள்ளே தலைமையாசிரியையின் மேசை, மேல்கண்ணாடிக்கு அடியில் பழைய நேர அட்டவணைகள், நாலு நாற்காலி. வேன்காரர் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சாவிக்கொத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். அணில் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையை வாயின் மேல் அழுத்திப் பிடித்திருந்தாள். ஊசியைப் பார்த்ததும் கண்ணால் மட்டும் வணக்கம் வைத்தாள்.

“கையை எடு கண்ணு, ஆன்ட்டிதானே” என்றார் வேன்காரர். அவள் எடுக்கவில்லை. “மூணு நாளா இப்படித்தான்க்கா. பல்லு வெளிய தெரியக் கூடாதாம். சோறு ஊட்டினாக்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுதான் வாங்குது.”

தலைமையாசிரியை களைத்த குரலில் பேசினார். கணக்கு டீச்சர் வீடியோவைப் பார்த்த அன்றே மறுபடி விடுப்பில் போய்விட்டார். பெற்றோர் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பெண்ணும் இருக்கக் கூடாது, அந்த வேனில் பிள்ளைகளை ஏற்றவும் மாட்டோம் என்று. இன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டும். “இவர் ஒரே பிடியா நிக்கறார், இது ஒட்டு வேலைன்னு. கிளாஸ்ல எல்லாப் புள்ளைங்களும் அன்னைக்குத் தலைகுனிஞ்சு அழுதிருக்காங்க, யார் சிரிச்சான்னு யாரும் பாக்கல. நாங்க பத்துப் பேர் பார்த்துட்டோம், எங்களுக்கு ஒண்ணும் தெரியல. நீங்க தெரிஞ்சவங்க. ஒட்டு இருக்கு, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அதை வெச்சு முடிவு பண்ணிடறேன்.”

போனை நீட்டினார். ஊசி தன் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வினாடி ஓடியது. மறுபடி ஓடவிட்டாள். கேட்க ஒன்றும் இல்லை. எல்லாம் ஏற்கனவே கேட்டாயிற்று. ஹெட்போன் காதில் இருக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் மட்டும் ஓடவிட்டாள். மூன்றாவது முறை ஓடும்போது கதவருகே நின்ற மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போட டாக்டரிடம் போனால் இப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், தரை தன்னை ஒளித்துவைத்துக்கொள்ளும் என்பதைப் போல.

ஹெட்போனைக் கழற்றினாள்.

“என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல” என்றாள்.

சொன்னது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களைத்தான் அவள் தினமும் தேடி எடுத்து ஒட்டுவாள்.

சாவிக்கொத்து நின்றது. வேன்காரர் அவளையே பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். ஒரு மனிதன் மூன்று நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ கீழே வைப்பது அவர் தோளில் தெரிந்தது.

“மேடத்துகிட்ட மன்னிப்புக் கேளு கண்ணு” என்றார். “கேட்டுட்டு வா. வேற பள்ளிக்கூடம் பாக்கலாம்.”

அணில் எழுந்து நின்றாள். கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினாள்.

“சிரிச்சிருப்பேன் போல மேடம். எனக்கு ஞாபகம் இல்ல. அன்னைக்கு நான் அழுதேன்னுதான் நெனச்சேன். ஆனா அதுல நான்தானே இருக்கேன். என்னை மன்னிச்சிடுங்க. நான் இப்படின்னு எனக்கே தெரியாது.”

சனிக்கிழமைதோறும் ஊசி கேட்கும் குரல் அது. மூன்று வருஷமாக, ஆளுக்கு ஆள் வேறு வேறு தொண்டையிலிருந்து, அதே குரல். திரையில் கண்டதை நம்பித் தங்களையே கைவிட்டுவிடும் குரல். அங்கே அது கண்ணாடித் திரைக்குள் இருக்கும். ஒரு விசையைத் தட்டினால் நின்றுவிடும். இங்கே தட்ட ஒன்றும் இல்லை. கை எட்டும் தூரத்தில், தன் வீட்டு சோபாவில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, தான் அழுத அழுகையையே நம்பாமல் நின்றுகொண்டிருந்தது.

“உக்காரு” என்றாள் ஊசி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “மேடம், ஒரு பென்சில் குடுங்க.”

போனின் சத்தத்தை முழுக்க ஏற்றி மேசைமேல் வைத்தாள். “யாரும் படத்தைப் பாக்காதீங்க. அந்த ஃபேன் சத்தத்தை மட்டும் கேளுங்க.” வீடியோ ஓடியது. அதன் டக் டக்குடன் சேர்ந்து பென்சிலால் கண்ணாடிமேல் தட்டினாள். டக். டக். டக். டக். டீச்சரின் குரல் உடைந்தது. சிரிப்புக்குச் சற்று முன் பென்சிலும் விசிறியும் பிரிந்தன. விசிறியின் டக் சற்று முந்தி விழுந்தது.

தலைமையாசிரியைக்குப் புரியவில்லை. “திரும்பப் போடுங்க” என்றார்.

வேன்காரருக்கு முதல் தடவையிலேயே புரிந்தது. இருபது வருஷம் என்ஜினைக் காதால் கேட்டு ஓட்டியவர். “மிஸ்ஸிங் அடிக்குது” என்றார். “துடிப்பு தப்பிப்போவுது மேடம். ஓடற ஃபேனு அப்படி ஓடாது. சிரிப்புக்கு முன்னாடி அறுத்திருக்கு.”

“ஆமா” என்றாள் ஊசி. “அறுத்து ஒட்டியிருக்கு. சிரிப்பு வேற நாள் சிரிப்பு. ஃபேன் சத்தத்தை எடுத்து அடியில விரிச்சிருக்கு.”

“யார் செஞ்சிருப்பாங்க?”

இங்கே நிறுத்தியிருக்கலாம். அணிலைக் காப்பாற்ற அவ்வளவு போதும். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால் அந்த அறையில் ஒருவரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊசி மேசைக் கண்ணாடியில் தன் முகம் மங்கலாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“இப்படி வெட்டற கை எனக்குத் தெரியும்” என்றாள் கடைசியில். “நான் சொல்லிக்கொடுத்த கை.”

எல்லோரும் திரும்பினார்கள். மகள் கதவோரம் நிமிர்ந்து நின்றாள். அவள் உதடு துடித்தது, கண் நிரம்பியது. இரண்டடி முன்னால் வந்தாள்.

“நான் பண்ணது தப்பு” என்றாள். “அதுக்கு நான் காரணம் சொல்ல விரும்பல.”

நிறுத்தினாள். கண்ணீர் இறங்கி மோவாய்க்கு வரும்வரை நிறுத்தினாள்.

“நான் யாருன்னு இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. இன்னைக்கு, உங்க எல்லார் முன்னாடியும், தெரிஞ்சுக்கிட்டேன். அந்த ஆளை எனக்குப் பிடிக்கல. அவளை மாத்திக்க எனக்கு ஒரு வாய்ப்பு மட்டும் குடுங்க.”

கை கூப்பினாள். அணிலின் பக்கம் திரும்பி, குனிந்து, அவள் முழங்காலைத் தொட்டாள்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். வேன்காரர் சாவிக்கொத்துக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “விடுங்க மேடம், சின்னப் புள்ளைங்க” என்றார். “மன்னிப்புக் கேக்கறதுக்கு ஒரு மனசு வேணும்மா, பெரிய மனசு” என்றார் தலைமையாசிரியை. டிசி என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும். திரும்பி வந்து வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதையே ஒரு தடவை சொன்னால் போதும் என்றார். “இதே மாதிரி சொல்லு. மத்தவங்களுக்கும் பாடமா இருக்கும்.”

ஊசி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேச்சு அவளுக்குத் தெரியும். போன வருஷம் எண்பத்திநாலாம் நாள் வெளியே அனுப்பப்பட்ட ஓட்டப்பந்தயக்காரன் பேசியது. சக பெண்ணொருத்தியைத் தகாத வார்த்தை சொன்னவன். இந்த வாக்கியங்களுக்குப் பிறகு ஊரே அவனுக்காக அழுதது. ‘காரணம் சொல்ல விரும்பல’ என்பதற்குப் பின்னால் வரும் அந்த இடைவெளியை அவன் விடவில்லை. அவன் கடகடவென்று ஒப்பித்துவிட்டான். குளியல் துண்டை எங்கே வைத்தோம் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்த ஒரு முகத்தைச் சில்லறையிலிருந்து எடுத்து, நடுவில் வைத்து, இரண்டு வினாடியாக இழுத்தது ஊசி. உலகத்தில் எந்த மனிதனும் விடாத அந்த மௌனத்தை, சற்று முன் அவள் மகள் விட்டாள். அளவு தப்பாமல்.

வெளியே வரும்போது அணில் கதவருகே ஊசியின் புடவை நுனியைப் பிடித்து இழுத்தாள். கைக்குட்டை இன்னும் வாயின்மேல் இருந்தது. அந்த அறையில் அவளை யாரும் ஒன்றும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் ஊசிக்கு உறைத்தது.

“ஆன்ட்டி, அந்தச் சிரிப்பு எந்த நாள் சிரிப்புன்னு எனக்கு இப்ப ஞாபகம் வந்திடுச்சு” என்றாள். “அவங்க அப்பா வரலைன்னு சொன்னா. டிவியில பேசற மாதிரியே பேசினா ஆன்ட்டி, நிறுத்தி நிறுத்தி, அதே மாதிரி. எப்பவும் அப்படி நடிச்சுக் காட்டுவா. அன்னைக்கும் நடிக்கறான்னுதான் நெனச்சேன்.”

ஊசி அவள் தலையில் கை வைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் கதைக்காரரின் போன் வந்தது. “எங்க காணாமப் போயிட்ட?”

“அந்த நர்ஸ் சிரிப்பை எடுத்திடுங்க.”

“எதை?”

“காலையில வெச்சதை. எடுத்திடுங்க. நான் வந்து வேற மாதிரி வெச்சுத் தரேன்.”

“முன்னோட்டம் மத்தியானமே போயிடுச்சு ஊசி. செம வரவேற்பு. அந்தம்மா வேலை பாக்கற ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுத் திட்டறாங்களாம். சரி, நாளைக்கு நேரத்தோட வந்திடு.”

அவள் இணைப்பைத் துண்டித்தாள். பக்கத்தில் மகள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றாள். முகம் கழுவியதைப் போல ஈரமாக இருந்தது. மெய்யாகவே அழுத முகம்தான். அழுத முகம் என்றால் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த முகமாகவும் இருக்கலாம். ஊசி அந்த முகத்தில், கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே, மூச்சுக்கும் விசும்பலுக்கும் நடுவே, ஒட்டைத் தேடினாள். பெற்ற பிள்ளையின் முகத்தில் ஒட்டைத் தேடுகிறோம் என்று தெரிந்தும் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காதது நிம்மதியாகவும் இல்லை. நல்ல தையல் கண்ணுக்குத் தெரியாது.

பஸ்ஸில் ஒருமுறை மகளின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஜில்லிட்டிருந்தது, நடுங்கியது. கையை யாரும் நடிக்க வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள். பஸ்ஸின் நடுக்கமாகவும் இருக்கலாம் என்று உடனே தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மகள் நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். ஊசி பையைக்கூடக் கீழே வைக்காமல் கதவின் வெளியே நின்றாள். மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து, அணைந்திருந்த டிவியின்மேல் படிந்திருந்த தூசியைக் காட்டியது.

காதைக் கதவில் வைத்தாள். காதை வைத்துத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறாள். எழுபது கேமராக்களின் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பைப் பிரித்து எடுக்கத் தெரிந்தவள். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு விசும்பல் கேட்டாற்போல இருந்தது. பிறகு இல்லை. பிறகு ஏதோ ஒன்று, இருமலா, அழுகையா, தனக்குத்தானே சொல்லிப் பார்க்கும் வாக்கியமா, தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சீரான தரையாக விரிந்து கிடந்தது. தரை இருக்கும்வரை எதுவும் பிரிந்து கேட்காது.

“குழாயை மூடு” என்றாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“திட்ட மாட்டேன். ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். குழாயை மட்டும் மூடுடி.”

கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் நின்றது. கடைசியாக இரண்டு சொட்டு வாளியில் விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. உள்ளே மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மகளும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது.

எந்த மௌனத்தையும் இரண்டு வினாடிக்கு மேல் விட்டுவைத்தவள் இல்லை அவள். இரண்டு வினாடி போயிற்று. வெயில் டிவியிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. கால் மரத்துப்போனபோது, பையோடு அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். கதவைத் தட்டவில்லை.